உயரம் அப்படியே இருக்க, ஓட்டம் மட்டும் ஏன் குறைந்தது?

கேட்டிருந்தது சுருக்கமாக இது: அமெரிக்காவில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. சாதாரண நாளில் வினாடிக்கு 15, 20 கன அடிதான் ஓடும். போன வாரப் புயலில் மூன்று மணி நேரத்தில் ஐந்து அங்குல மழை. அந்த ஓடையில் யு.எஸ்.ஜி.எஸ். (அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வு நிறுவனம்) வைத்திருக்கும் அளவு நிலையம் இரவு நீர்மட்டம் 17.8 அடி, ஓட்டம் வினாடிக்கு 9,400 கன அடி என்று காட்டியது. 2011-இல் நிலையம் தொடங்கியதிலிருந்து இதுதான் உச்சம். காலையில் நிலையத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்தால் கிராஃபில் இரண்டு மணி நேரம் வெற்றிடம். அது பிறகு நிரம்பிவிட்டது. ஆனால் இரண்டு நாள் கழித்து 9,400 காணாமல் போய் அந்த இடத்தில் 7,100 நிற்கிறது, 17.8 அடி மட்டும் மாறவே இல்லை. நிலையத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் சிறு பாலத்தில் மரங்கள் வந்து அடைத்துக்கொண்டிருந்ததையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எந்த எண்ணை நம்புவது, இது நூறு வருட வெள்ளமா, அடுத்த புயலில் அந்த இணையப் பக்கத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். 17.8 அடியைத் தைரியமாக நம்புங்கள். 9,400-ஐ மறந்துவிடுங்கள். 7,100-ஐப் பென்சிலில் எழுதி வையுங்கள், பேனாவில் வேண்டாம்.

இதற்குக் காரணம் ஒன்றுதான்: அந்த நிலையம் ஓட்டத்தை அளப்பதே இல்லை. அது அளப்பது நீர்மட்டத்தின் உயரத்தை மட்டும். கன அடிக் கணக்கு, அந்த உயரத்திலிருந்து கணினி போட்டுச் சொல்லும் கணக்கு. பக்கத்தில் இரண்டும் அருகருகே, ஒரே மாதிரி கிராஃபாக, ஒரே நேரத்தில் வருவதால் இரண்டும் ஒரே தரத்து எண் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் ஒன்று சாட்சி நேரில் பார்த்தது, மற்றது சாட்சி சொன்னதை வைத்து வக்கீல் வாதாடுவது.

உயரத்தை அளக்கும் கருவிகள் பல வகை. பழைய நிலையங்களில் கரையோரம் ஒரு கிணறு போன்ற தொட்டி இருக்கும். அடியில் குழாய் வழியாக ஓடையோடு தொடர்பு. வெளியே அலை அடித்தாலும் தொட்டிக்குள் தண்ணீர் அமைதியாக ஏறி இறங்கும், அதன் மேல் ஒரு மிதவை. இன்னொரு வகையில், ஓடைக்குள் பதித்த மெல்லிய குழாய் வழியாகக் காற்றுக் குமிழிகளை மெதுவாக விட்டுக்கொண்டே இருப்பார்கள். மேலே தண்ணீர் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அழுத்தம் எதிர்க்கும், அந்த அழுத்தத்திலிருந்து உயரம் கிடைக்கும். இப்போது பல இடங்களில் பாலத்தின் அடியில் ரேடார் மாட்டியிருக்கிறார்கள். தண்ணீரைத் தொடாமல் மேலிருந்தே தூரத்தை அளந்துவிடும். எந்த வகையானாலும் நூறில் ஒரு பங்கு அடி வரை துல்லியம் என்பதுதான் இலக்கு. பெரும்பாலும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளவெடுத்து, கருவிக்குள்ளேயே சேமித்து, செயற்கைக்கோள் வழியாக அனுப்புவார்கள்.

உங்கள் கிராஃபில் வந்த வெற்றிடத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. அனுப்புவதில் தடங்கல் என்றால் பக்கத்தில் வெற்றிடம் தெரியும், ஆனால் கருவி அளந்து சேமித்தபடி இருந்திருக்கும். பிறகு எடுத்து நிரப்பிவிடுவார்கள். உங்கள் நிலையத்தில் நடந்தது அதுதான் என்று தோன்றுகிறது. அளக்கும் கருவியே போயிருந்தால் வெற்றிடம் அவ்வளவு சுலபமாக நிரம்பியிருக்காது. எண் வர வேண்டிய இடத்தில் கருவிக் கோளாறு, வெள்ளச் சேதம், பனிக்கட்டி, பின்தேக்கம் (கீழே அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்குவது) என்று காரணத்தைக் குறிக்கும் சுருக்கெழுத்து சில சமயம் வரும். அதைப் பிழைச் செய்தி என்று தள்ளிவிடாமல் படியுங்கள். அதில் பாதி விஷயம் இருக்கும்.

இன்னொன்று. 17.8 அடி என்பது ஆழம் அல்ல. நிலையத்தை அமைக்கும்போது ஓர் இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அது ஓடையின் அடித்தளத்துக்குச் சில அடி கீழே இருக்கலாம். நாளைக்கு அடித்தளம் அரித்துப்போனாலும் எண் மைனஸில் போகக் கூடாது என்பதற்காக அப்படி. வறண்ட நாளில் உங்கள் நிலையம் 2.5 காட்டுகிறது என்றால் இரண்டரை அடி தண்ணீர் ஓடுகிறது என்று பொருள் இல்லை. அதனால் பக்கத்து ஓடையில் 12 அடி, நம் ஓடையில் 17.8 அடி, ஆகவே நம்மிடம்தான் அதிகம் என்று ஒப்பிடவே முடியாது. ஒரு நிலையத்தின் உயரத்தை அதே நிலையத்தின் பழைய உயரத்தோடு மட்டும் ஒப்பிடலாம். அதுவும் நிலையத்தை இடையில் இடம் மாற்றவில்லை, பூஜ்யத்தை மாற்றவில்லை என்றால்தான்.

சரி, உயரத்திலிருந்து ஓட்டம் எப்படி வருகிறது? ஆட்கள் நேரில் போய் அளக்கிறார்கள். ஓடையின் குறுக்கே இருபது, முப்பது துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழமும் வேகமும் பார்த்து, அகலத்தால் பெருக்கிக் கூட்டினால் மொத்த ஓட்டம். தண்ணீர் குறைவாக இருந்தால் ரப்பர் பூட்ஸ் போட்டு உள்ளே இறங்கி அளப்பார்கள். வெள்ளம் என்றால் பாலத்தின் மேலிருந்து எடை கட்டிய கருவியை இறக்குவார்கள், இல்லையென்றால் ஒலி அலையால் வேகம் பார்க்கும் கருவியைச் சிறு மிதவையில் கட்டிக் குறுக்கே இழுப்பார்கள். அப்படி ஒரு முறை அளந்தால் 'இந்த உயரத்தில் இவ்வளவு ஓட்டம்' என்று ஒரு புள்ளி கிடைக்கும். வருடக்கணக்கில் சேர்ந்த புள்ளிகளின் ஊடாக ஒரு வளைகோடு போடுகிறார்கள். ரேட்டிங் வளைவு என்று இதற்குப் பெயர். கணினி செய்வதெல்லாம், உயரம் வந்ததும் இந்த வளைவைப் பார்த்து ஓட்டத்தைப் படித்துச் சொல்வதுதான்.

இந்த முறை புதிதல்ல. யு.எஸ்.ஜி.எஸ். தன் முதல் நிலையத்தை 1889-இல் நியூ மெக்ஸிகோவில் எம்புடோ என்ற இடத்தில், ரியோ கிராண்டே ஆற்றின் மேல் வைத்தது. கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. உயரத்தைத் தொடர்ந்து பார், ஓட்டத்தை அவ்வப்போது அளந்து வளைவு போடு என்ற அடிப்படை மாறவில்லை.

இப்போது உங்கள் நிலையத்தின் பக்கத்தில் 'கள அளவீடுகள்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவர்கள் அங்கே போவதே இல்லை. எனக்கு மொத்தப் பக்கத்திலும் பிடித்த இடம் அதுதான். ஆட்கள் நேரில் போய் அளந்த ஒவ்வொரு தடவையும் தேதி, உயரம், ஓட்டம், அந்த அளவீட்டின் தரம் எல்லாம் வரிசையாக இருக்கும். தரத்தை நான்கு வகையாகச் சொல்வார்கள்: மிக நன்று என்றால் உண்மை மதிப்பிலிருந்து 2 சதவீதத்துக்குள், நன்று என்றால் 5, சுமார் என்றால் 8, அதற்கு மேல் போனால் மோசம். நீங்கள் அனுப்பிய பட்டியலில் இந்தப் புயலுக்கு முன் எடுத்த அளவீடுகளிலேயே பெரியது 9 அடி உயரத்தில் 1,850 கன அடி. அதற்கு மேல் யாரும் இந்த ஓடையை அளந்ததே இல்லை. ஆக 9 அடியிலிருந்து 17.8 அடி வரை அந்த வளைவு, அளந்த புள்ளிகளுக்கு அப்பால் நீட்டிய கோடு. அளந்ததில் பெரியதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வளைவை நீட்டக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பழைய கைவிதி. இரண்டு மடங்கு என்றால் 3,700. உங்களுக்குக் காட்டியதோ ஐந்து மடங்கு.

அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரிய ஆறு என்றால் வெள்ளம் நாள்கணக்கில் நிற்கும். குழு கிளம்பி வந்து நிதானமாக அளக்கலாம். ஓடை அப்படியா? இரவு பதினொன்றுக்கு ஏறி, ஒன்றுக்கு உச்சம் தொட்டு, நாலு மணிக்கு வடிந்துவிடும். அளக்கும் குழுவுக்கு அந்த இரவு பொறுப்பில் இருக்கும் நிலையங்கள் பல, வழியில் பாதிச் சாலை தண்ணீருக்குள். அளக்க வேண்டிய பாலத்தின் மேலேயே தண்ணீர் ஓடும். சிற்றோடைகளின் உச்ச வெள்ளத்தை நேரில் அளந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது மீன் தானாகக் கூடையில் விழுவது மாதிரி அபூர்வம்.

இப்போது அந்தப் பாலத்துக்கு வருவோம். நீங்கள் பார்த்த மரங்கள்தான் இந்தக் கதையின் முடிச்சு என்று நினைக்கிறேன்.

ரேட்டிங் வளைவுக்குப் பின்னால் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஓடை அன்றைக்கு இருந்த மாதிரியே இன்றைக்கும் இருக்க வேண்டும். தண்ணீர் தடையில்லாமல் கீழே போனால்தான் இந்த உயரத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்பது செல்லும். வடிகால் அடைத்துக்கொண்ட முற்றத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் முழங்கால் வரை நிற்கும், ஆனால் நகரவே நகராது. உயரத்தை மட்டும் பார்த்தால் பெரிய வெள்ளம் மாதிரி இருக்கும். கீழே பாலம் அடைத்துக்கொண்டால் மேலே நிலையத்தில் அதேதான்: மட்டம் ஏறும், வேகம் குறையும். இதைப் பின்தேக்கம் என்கிறோம். கணினிக்கு மரம் தெரியாது. 17.8 அடியா, வளைவைப் பார், 9,400 என்று எழுதிவிடும்.

பட்டியலில் மறுநாள் மதியம் ஒரு கள அளவீடு இருக்கிறது, கவனித்தீர்களா? வெள்ளம் வடிந்துகொண்டிருக்கும்போது குழு வந்திருக்கிறது. அவர்கள் அளந்த ஓட்டம், அந்த உயரத்துக்கு வளைவு சொல்லும் ஓட்டத்தைவிடக் குறைவு. அதாவது அடைப்பு இன்னும் இருந்திருக்கிறது, தண்ணீர் தேங்கித்தான் நின்றிருக்கிறது. அந்த ஒரு புள்ளியை வைத்து வளைவைத் தற்காலிகமாக நகர்த்தியிருப்பார்கள். நகர்த்திய வளைவில் அதே 17.8 அடிக்கு 7,100 வருகிறது. உயரம் மாறாமல் ஓட்டம் மட்டும் மாறியதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. யாரும் வெள்ளத்தைக் குறைத்துக் காட்டவில்லை. 9,400 கணினி தனியாக இருந்தபோது போட்ட கணக்கு; 7,100 ஒருவர் நேரில் வந்து பார்த்த பிறகு போட்டது.

ஆனால் 7,100-உம் முடிந்த முடிவு இல்லை. வடியும்போது இருந்த அடைப்பு உச்ச நேரத்திலும் அதே அளவு இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? மரங்கள் உச்சத்துக்கு முன் வந்ததா, பின் வந்ததா? வெள்ளம் ஓடையின் அடித்தளத்தையும் வெட்டியிருக்கலாம், வண்டலைக் கொண்டுவந்து மேடாக்கியும் இருக்கலாம். இதுபோக, அடைப்பே இல்லாவிட்டாலும் ஏறும் வெள்ளமும் இறங்கும் வெள்ளமும் ஒரே உயரத்தில் ஒரே ஓட்டம் ஓடுவதில்லை. ஏறும்போது தண்ணீரின் மேற்பரப்புச் சரிவு அதிகம், அதனால் அதே உயரத்தில் கூடுதலாகப் போகும். இதனால்தான் அந்தப் பக்கத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் 'தற்காலிகம்' என்று ஒரு குறி ஒட்டியிருக்கும். சில மாதங்களில் ஆய்வு முடிந்து 'ஏற்கப்பட்டது' என்று மாறும். மாறும்போது எண்ணும் மாறினால் ஆச்சரியப்படாதீர்கள்.

இவ்வளவு பெரிய வெள்ளத்துக்குப் பெரும்பாலும் ஒரு காரியம் செய்வார்கள். தண்ணீர் வடிந்த பிறகு தடம் பார்ப்பது. கரையெங்கும் வெள்ளம் எதுவரை ஏறியது என்பதற்கான அடையாளங்களைத் தேடிக் கொடி நட்டு, மட்டம் பார்த்து அளப்பார்கள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தண்ணீர்மட்டம் எவ்வளவு சரிந்தது, ஓடையின் குறுக்குவெட்டு எவ்வளவு, தரை எவ்வளவு சொரசொரப்பு என்ற மூன்றையும் வைத்து, போன வெள்ளத்தின் ஓட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். இதற்குப் பயன்படும் சூத்திரம் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் பெயரில் இருக்கிறது. அதை அவர் முன்வைத்ததும் எம்புடோ நிலையம் வந்த அதே 1889-இல்தான். அடைப்பின் பாதிப்பு எட்டாத மேல்பகுதியில் இப்படி அளந்தால் பாலத்தின் பிரச்சினையைத் தாண்டிவிடலாம். அதன் முடிவு 6,500 என்று வரலாம், 8,000 என்றும் வரலாம். இந்த முறையிலும் சொரசொரப்பு என்ன என்பதை அனுபவத்தால் கணித்துத்தான் போடுகிறார்கள். பத்து, இருபது சதவீதம் முன்பின் இருக்கும்.

சில நிலையங்களில் கரையோரம் ஒரு சாதாரண இரும்புக் குழாய் நிற்கும். உள்ளே ஒரு மரக்குச்சி, அடியில் கொஞ்சம் தக்கைத் தூள். தண்ணீர் குழாய்க்குள் ஏறும்போது தூள் மிதந்து ஏறும், இறங்கும்போது உச்சத்தில் குச்சியோடு ஒட்டிக்கொண்டுவிடும். மின்சாரம் வேண்டாம், சிக்னல் வேண்டாம். எல்லா எலெக்ட்ரானிக்ஸும் படுத்துவிட்ட பிறகு பலமுறை இந்தக் குழாய்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறது. எனக்கு இதன்மேல் ஒரு தனி மரியாதை.

நிலையமே போய்விடுவதும் உண்டு. டெக்ஸாஸில் விம்பர்லி ஊரருகே பிளாங்கோ ஆற்றில் 2015 மே மாதம் வந்த வெள்ளத்தில், கருவி 40 அடிக்குச் சற்று மேல் காட்டியபின் நிலையத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பிறகு தடங்களை வைத்துப் பார்த்தபோது உச்சம் கிட்டத்தட்ட 45 அடி. அதற்கு முந்தைய உச்சம் 1929-இல் 33.3 அடி. இங்கே கவனிக்க வேண்டியது, கிராஃப் நின்ற இடம் உச்சம் அல்ல என்பது. கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கும்போதே அறுந்து போயிருந்தால், கடைசி எண் குறைந்தபட்சம்தான். யு.எஸ்.ஜி.எஸ். வெளியிடும் ஆண்டு உச்சப் பட்டியலில்கூட 'உண்மை இதைவிட அதிகம்' என்பதற்குத் தனிக் குறியீடு உண்டு. 'மதிப்பீடு', 'அணை உடைந்ததால் வந்தது', 'நிலையம் வருவதற்கு முந்தைய பழைய வெள்ளம்' என்பவற்றுக்கும் தனித்தனிக் குறியீடுகள். அந்தப் பட்டியலைப் படிக்கும்போது குறியீட்டை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுப்பது பாதி வாக்கியத்தைப் படிப்பது போல. ஆண்டு என்பதும் ஜனவரியில் தொடங்குவதில்லை. அவர்களுடைய நீர் ஆண்டு அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை.

கருவி சரியாக இருந்தும் தப்பான உயரம் காட்டுமா என்றால், காட்டும். கிராஃபைப் பார்த்தாலே ஓரளவு பிடித்துவிடலாம். ஓடை வெள்ளம் எப்போதும் வேகமாக ஏறி, மெதுவாக, குழிந்த வளைவாக இறங்கும். ஒரே ஒரு அளவு மட்டும் ஊசி மாதிரி எகிறி அடுத்த அளவிலேயே பழைய இடத்துக்கு வந்தால் அது தண்ணீர் இல்லை. ரேடாருக்குக் கீழே மரம் மிதந்து போயிருக்கும். தலை தட்டையாக வெட்டினாற்போல் இருந்தால் கருவியின் எல்லை முடிந்திருக்கும். எல்லோருக்கும் வடிந்த பிறகும் உங்கள் நிலையம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றால் குழாய் வண்டலில் புதைந்திருக்கலாம். உங்கள் கிராஃபில் இப்படி எதுவும் இல்லை. உச்சத்தைச் சுற்றி ஏழெட்டு அளவுகள் ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கியிருக்கின்றன. அதனால்தான் 17.8-ஐ நம்பச் சொன்னேன்.

ஓட்டத்துக்கும் கையாலேயே போடக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஒரு சதுர மைல் பரப்பிலிருந்து மணிக்கு ஓர் அங்குல மழைநீர் அப்படியே வழிந்து வந்தால், அது வினாடிக்குச் சுமார் 645 கன அடி. இந்த ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நிலையத்தின் இணையப் பக்கத்தில் வடிநிலப் பரப்பு, அதாவது மழைநீர் வடிந்து ஓடைக்கு வரும் நிலத்தின் பரப்பு, எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். உங்கள் ஓடைக்கு 11 சதுர மைல். 7,100-ஐ 11-ஆல் வகுத்தால் 645. அதாவது, வடிநிலம் முழுவதிலிருந்தும் மணிக்குச் சரியாக ஓர் அங்குலம் வழிந்தால் வரும் ஓட்டம். 9,400 என்றால் மணிக்கு 1.3 அங்குலம். மூன்று மணி நேரத்தில் ஐந்து அங்குலம் பெய்திருக்கிறது, நிலம் ஏற்கெனவே ஊறியிருந்தது என்றால் இரண்டுமே நடக்கக்கூடியவைதான். ஆகவே இந்தச் சோதனை 9,400-ஐப் பொய் என்று சொல்லவில்லை. அதைச் சொன்னது அடுத்த நாள் அளவீடு. ஆனால் அதே மழைக்கு 30,000 என்று பக்கம் காட்டியிருந்தால், பெய்ததைவிட அதிகம் ஓடுகிறது என்று இந்த வகுத்தலிலேயே அகப்பட்டிருக்கும்.

அடுத்தது 'இதுவரை இல்லாத உச்சம்'. இதுவரை என்றால் எதுவரை? உங்கள் நிலையத்துக்கு வயது பதினாலு, பதினைந்து வருடம். ஒவ்வொரு வருடமும் மற்ற வருடங்களைப் போலத்தான் என்று வைத்துக்கொண்டால், பதினாலு வருடப் பதிவுக்குப் பிறகு வரும் வருடம் புதிய உச்சமாக அமையும் வாய்ப்பு பதினைந்தில் ஒன்று. அவ்வளவுதான். நாலு வருட நிலையத்தில் ஐந்தில் ஒன்று. அதனால் ஒரு பெரிய புயலுக்குப் பிறகு 'பதினைந்து நிலையங்களில் சாதனை உச்சம்' என்று செய்தி வந்தால், அந்த நிலையங்களுக்கு வயது என்ன என்று கேட்பேன். மறுபக்கம், வட கரோலினாவில் ஆஷ்வில்லில் பிரெஞ்ச் பிராட் ஆறு 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலில் 24.67 அடி தொட்டது. அது முறியடித்தது 1916-இல் வந்த 23.1 அடியை. நூறு வருடத்துக்கு மேல் நின்ற எண் விழுந்தால், அது வேறு விஷயம். அங்கே சாதனை என்ற சொல்லுக்கு எடை இருக்கிறது.

உயர உச்சமும் ஓட்ட உச்சமும் ஒரே வெள்ளத்துக்குச் சொந்தமாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்கள் ஓடையிலேயே, நாளைக்குத் தடையில்லாமல் 8,000 கன அடி ஓடினால் அது 16 அடியோடு நின்றுவிடலாம். அப்போது ஓட்டத்தில் அதுவும் உயரத்தில் இதுவும் சாதனையாக இருக்கும். ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பதைத் தீர்மானிப்பது உயரம். ஓட்டம் 9,400 இல்லை 7,100-தான் என்று திருத்தியதால் உங்கள் பின்கட்டில் ஏறிய தண்ணீர் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை.

நூறு வருட வெள்ளமா என்பதற்கு: அந்தப் பெயரே தப்பாகப் புரிய வைக்கிறது. நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. எந்த ஒரு வருடத்திலும் அந்த அளவை எட்டவோ தாண்டவோ ஒரு சதவீத வாய்ப்பு என்பதுதான் பொருள். அடுத்த வருடமே மறுபடி வரலாம். 30 வருட வீட்டுக்கடன் காலத்துக்குள் ஒரு முறையாவது வர 26 சதவீத வாய்ப்பு, அதாவது நாலில் ஒன்றுக்கு மேல். பதினைந்து வருடப் பதிவை மட்டும் வைத்து ஒரு சதவீத வெள்ளம் எவ்வளவு என்று சொல்வது, நாலு நாள் பழகியவருடைய குணத்தைச் சொல்வது போல. அதனால் அந்த வட்டாரத்தின் நிறைய நிலையங்களைச் சேர்த்துக் கணக்கிட்ட சமன்பாடுகளைப் பயன்படுத்துகிறார்கள். யு.எஸ்.ஜி.எஸ்.-இன் ஸ்ட்ரீம்ஸ்டாட்ஸ் என்ற வரைபடத்தில் உங்கள் ஓடையில் ஒரு புள்ளியைத் தொட்டால் வடிநிலத்தை வரைந்து, பல மாநிலங்களில் அந்த மதிப்பீட்டையும் தரும். அதோடு வரும் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று மற்றதைப் போல் பல மடங்கு இருக்கும். உங்கள் 7,100 அந்த இடைவெளிக்குள் எங்கேயாவது விழுந்தால், அரிய வெள்ளம் என்று சொல்லலாம், இத்தனை வருட வெள்ளம் என்று சொல்ல முடியாது.

அப்புறம், அடுத்த புயல் இரவில் என்ன பார்ப்பது? உயரக் கிராஃபை மட்டும். ஓட்டக் கிராஃபை மூடியே வைத்துவிடலாம். உயரத்திலும் எண்ணைவிட ஏறும் வேகம் முக்கியம். கடைசி அளவு எத்தனை மணிக்கு எடுத்தது என்று பாருங்கள். பக்கம் இப்போது காட்டுவது அரை மணி நேரத்துக்கு முந்தைய ஓடையாக இருக்கலாம். 2025 ஜூலை 4 அதிகாலை டெக்ஸாஸில் குவாடலூப் ஆறு 45 நிமிடத்தில் சுமார் 26 அடி ஏறியதாக அதிகாரிகள் சொன்னார்கள். அந்த வேகத்தில் ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையிலேயே எட்டு, ஒன்பது அடி போய்விடும். மேலே இன்னொரு நிலையம் இருந்தால் அதைத் திறந்து வையுங்கள், உங்களுக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு அதுதான். வாட்டர்அலர்ட் என்ற சேவையில் உயரம் இத்தனை அடியைத் தாண்டினால் செய்தி அனுப்பு என்று பதிந்துகொள்ளலாம். தூங்கும்போது வெள்ளம் வரும் ஓடைக்கு 17 அடியில் எச்சரிக்கை வைத்துப் பயனில்லை. 7, 8 அடியிலேயே வையுங்கள். தேசிய வானிலைச் சேவையின் எச்சரிக்கை வந்துவிட்டால் கிராஃபைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். நேரில் போய்ப் பாலத்தை எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். வேகமாக ஓடும் தண்ணீர் 6 அங்குலம் இருந்தாலே ஆளைச் சாய்க்கப் போதும்.

கடைசியாக, உங்கள் தோட்டக் கொட்டகையின் உட்சுவரில் சேற்றுக் கோடு தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கழுவிவிடாதீர்கள். உள்ளே தண்ணீர் அலை இல்லாமல் நின்றிருக்கும், அதனால் உட்சுவர்க் கோடு வெளிச்சுவர்க் கோட்டைவிட நம்பகமானது. மரத்தில் தொங்கும் குப்பையை நம்ப வேண்டாம். வெள்ளத்தில் வளைந்த கிளை பிறகு நிமிர்ந்து குப்பையை மேலே தூக்கியிருக்கும். மரத்தின் ஓடை வரும் பக்கத்தில் தண்ணீர் முட்டி ஏறும், அதனால் அங்கே கோடு உயரமாகவே தெரியும். கரையோரப் புல்லில் விதைகளும் சருகும் சேர்ந்து மெல்லிய கோடாகக் கிடந்தால் அதுதான் தங்கம், ஆனால் அடுத்த மழையில் போய்விடும். இன்றைக்கே ஓர் ஆணியோ மார்க்கரோ வைத்துக் கோட்டைக் குறித்து, தரையிலிருந்து உயரத்தை அளந்து, டேப் தெரியும்படி படம் எடுத்து, தேதியோடு யு.எஸ்.ஜி.எஸ்.-இன் உங்கள் மாநில அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அடைப்பு இருந்த பாலத்தின் படம் இருந்தால் அதையும் சேர்த்து. 7,100 கடைசியில் எந்த எண்ணாக நிற்கும் என்பதைத் தீர்மானிக்கப் போகிறவர் தேடுவது அப்படிப்பட்ட கோடுகளைத்தான்.